விலை குறைந்த போர்டு எவ்வளவு தாங்கும்?

கணினி வாங்கப் போகிற பலரையும் ஒரு கேள்வி வழிமறிக்கும். பிராசசரைத் தேர்ந்தெடுத்தாயிற்று. அது எந்தச் சாக்கெட்டில் உட்காரும் என்பதும் தெரியும். அந்தச் சாக்கெட் உள்ள மதர்போர்டு வேண்டும் என்று கேட்டால், கடைக்காரர் இரண்டு பெட்டிகளை மேசைமேல் வைக்கிறார். ஒன்றின் விலை மற்றதைப் போல இரண்டு, மூன்று மடங்கு. இரண்டிலும் அதே பிராசசர்தான் ஓடும், அதே வேகத்தில்தான் ஓடும். படம் பார்த்தாலும் கணக்கு எழுதினாலும் இரண்டுக்கும் வித்தியாசம் சொல்ல யாராலும் முடியாது. அப்படியானால் கூடுதல் பணம் எதற்கு?

பிராசசரை அதன் பெட்டியில் அச்சிட்ட வேகத்திலேயே ஓட்டப் போகிறீர்கள் என்றால், கூடுதல் செருகுமிடங்களும் வசதிகளும் தேவைப்படாதவரை, அந்தப் பணத்தால் பயனில்லை. அச்சிட்ட வேகத்துக்கு மேலே ஏற்றி ஓட்டப் போகிறீர்கள் என்றால்தான் போர்டு பேச ஆரம்பிக்கிறது. இப்படி ஏற்றுவதை ஓவர்கிளாக்கிங் என்பார்கள். இந்த அத்தியாயத்தில் அதைத் துடிப்பேற்றம் என்று அழைக்கிறேன். விலை குறைந்த பிராசசரைத் துடிப்பேற்ற, விலை உயர்ந்த போர்டு வேண்டியதில்லை என்பது என் கருத்து. ஆனால் விலை குறைந்த போர்டுகளுக்குள்ளேயே எது தாங்கும், எது தாங்காது என்று பார்க்கத் தெரிய வேண்டும். பார்க்க வேண்டிய இடம் சாக்கெட்டைச் சுற்றி நாலு விரல் அகலம்தான்.

அச்சிட்ட வேகத்துக்கு மேல் மிச்சம் எப்படி?

பிராசசர் துடிப்புக்கு ஏற்ப நடைபோடும் இயந்திரம். ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே, மின்குறிப்பு வரிசையாக நிற்கும் டிரான்சிஸ்டர்களைக் கடந்து, மறுமுனையில் 0 அல்லது 1 என்று நிலைபெற்றுவிட வேண்டும். 3.2 கிகாஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 320 கோடித் துடிப்பு. ஒரு துடிப்புக்குக் கிடைக்கும் நேரத்தில் ஒளிகூட 9 சென்டிமீட்டருக்குச் சற்று மேல்தான் போக முடியும். குறிப்பு நிலைபெறும் முன் அடுத்த துடிப்பு வந்துவிட்டால் அரைகுறை விடை பதிவாகும். திரையில் நாம் காண்பது, கணினி அப்படியே உறைந்து நிற்பதை.

எவ்வளவு விரைவாகத் துடிக்கலாம் என்பது சில்லுக்குச் சில்லு மாறும். ஒரே சிலிக்கான் வட்டில் பிறந்த சில்லுகளில்கூடச் சில டிரான்சிஸ்டர்கள் சுறுசுறுப்பு, சில மந்தம். தயாரிக்கிறவருக்கு இன்னொரு கவலையும் உண்டு. வாங்குகிறவர் வீட்டின் வெக்கை எவ்வளவு, விசிறியில் தூசி அடைந்திருக்குமா, ஐந்தாறு வருடம் உழைத்துத் தேய்ந்தபின் அந்தச் சில்லு எப்படி இருக்கும் என்று எதுவும் அவருக்குத் தெரியாது. எனவே தேர்வு பெற்ற சில்லுகளில் மந்தமானதும் மோசமான சூழலில் தவறாமல் ஓடக்கூடிய வேகத்தையே அச்சிடுகிறார். நல்ல சில்லு நல்ல சூழலில் இருந்தால் நடுவே ஒரு மிச்சம் கிடக்கும். மலிவான பிராசசர்களில் இந்த மிச்சம் பெரிதாக இருப்பதற்கு வியாபாரக் காரணமும் உண்டு. மலிவான ரகத்தைக் கேட்டு வருகிறவர்களே அதிகம் என்பதால், மேலே போகக்கூடிய சில்லுகளும் குறைந்த வேகப் பட்டை ஒட்டப்பட்டு வெளியே வருகின்றன.

மிச்சத்தை எடுக்க இரண்டு பிடிகள். முதலாவது, துடிப்பை விரைவுபடுத்துவது. ஓர் அளவுக்கு மேல் டிரான்சிஸ்டர்களால் ஈடுகொடுக்க முடியாமல் போகும்போது இரண்டாவது பிடி வேண்டும்: மின்னழுத்தத்தை, அதாவது வோல்டேஜைச் சற்றே உயர்த்தினால் அவை விரைவாக மாறும். விலை இங்கேதான். வேகம் ஒன்றரை மடங்கானால் செலவாகும் மின்சாரமும் ஒன்றரை மடங்கு. வோல்டேஜ் ஒன்றரை மடங்கானாலோ, ஒன்றரையை ஒன்றரையால் பெருக்கிய அளவு, அதாவது இரண்டேகால் மடங்கு. கொடுக்கும் மின்சாரம் அத்தனையும் கடைசியில் வெப்பம்.

துடிப்பை யார் தருகிறார்?

போர்டு ஓர் அடித்துடிப்பைத் தரும். பிராசசர் அதைத் தனக்குள் ஓர் எண்ணால் பெருக்கிக்கொள்ளும். அந்த எண்ணைப் பெருக்கி என்போம். அடித்துடிப்பை ஏற்றலாம், அல்லது பெருக்கியை ஏற்றலாம்.

1998 ஆகஸ்டில் இன்டெல் வெளியிட்ட செலரான் 300ஏ முதல் வழிக்குப் பெயர்போனது. 66 மெகாஹெர்ட்ஸ் அடித்துடிப்பு, பெருக்கி நாலரை, ஆக 300 மெகாஹெர்ட்ஸ். பெருக்கிக்குப் பூட்டு. ஆனால் விலை கூடிய பென்டியம் 2-க்காக, இன்டெல்லின் 440பிஎக்ஸ் சிப்செட் (போர்டின் மற்ற பாகங்களைப் பிராசசரோடு இணைக்கும் சில்லுத் தொகுதி) 100 மெகாஹெர்ட்ஸ் அடித்துடிப்பையும் முறைப்படி தந்தது. மலிவான செலரானை அதே போர்டில் வைத்து 66-ஐ 100 ஆக்கினால் 450 மெகாஹெர்ட்ஸ்! அன்றைய உச்ச ரகப் பென்டியம் 2-இன் வேகமும் அதுதான். ஏபிட் நிறுவனத்தின் பிஎச்6 போர்டில் இதற்கெனக் குட்டி இணைப்புகளைப் பிடுங்கி மாற்ற வேண்டியதில்லை. கணினி விழிக்கும்போது முதலில் ஓடும் பயாஸ் நிரலின் திரையிலேயே மாற்றலாம். கூடவே, அடித்துடிப்பு 100 ஆனாலும் விரிவாக்க அட்டைகளுக்குப் போகும் துடிப்பை மூன்றால் வகுத்து அவற்றுக்குப் பழகிய 33-லேயே நிறுத்தியது. சில்லுக்குள் மிச்சம் இருந்தது உண்மை. அதை அட்டைகள் கெடாமல் வெளியே எடுத்தது போர்டு.

அந்த வழி பின்னர் அடைபட்டது. 2011-இல் வந்த சாண்டி பிரிட்ஜ் தலைமுறையில் ஒரே 100 மெகாஹெர்ட்ஸ் துடிப்பு பிராசசரோடு வட்டு, கிராஃபிக்ஸ் அட்டை இணைப்புகளையும் சேர்த்து நடத்தியது. சில சதவீதம் ஏற்றினாலே வட்டில் எழுதுவது பிழையாகத் தொடங்கியது. மிஞ்சியது பெருக்கி. அதன் பூட்டைத் திறந்துவிட்ட பிராசசர்களை இன்டெல் தனி ரகமாக, கூடுதல் விலைக்கு விற்றது.

72 டாலர் பிராசசர்

2014-இன் நடுவில் இன்டெல் ஒரு விதிவிலக்கு செய்தது. பென்டியம் என்ற பெயர் இருபது ஆண்டைக் கடந்ததைக் கொண்டாட, பென்டியம் ஜி3258 என்ற பிராசசரைப் பெருக்கிப் பூட்டு இல்லாமல் வெளியிட்டது. இரண்டு கோர், 3 மெகாபைட் கேஷ், 3.2 கிகாஹெர்ட்ஸ், 53 வாட் வரம்பு. மொத்தக் கொள்முதல் விலை 72 டாலர். வாங்கிய பலருக்கு 4.2 முதல் 4.5 கிகாஹெர்ட்ஸ் வரை சிரமமின்றிக் கிடைத்தது. இந்தப் பிராசசரையே கையில் எடுத்து, எந்தப் போர்டில் வைப்பது என்று படிப்படியாகப் பார்ப்போம்.

முதல் தடை, அனுமதி. பெருக்கியை மாற்றும் உரிமையை இன்டெல் தன் இசட் வரிசைச் சிப்செட்டுகளுக்கு, அப்போது இசட்87, இசட்97 ஆகியவற்றுக்கு, மட்டுமே கொடுத்திருந்தது. எச்81, பி85 போன்ற மலிவான சிப்செட்டுகளுக்கு அந்த உரிமை இல்லை. ஆனால் அது பெரும்பாலும் மென்பொருளில் போட்ட வேலி. ஏஎஸ்ராக், ஏசஸ் போன்ற தயாரிப்பாளர்கள் புதிய பயாஸ் வெளியிட்டு எச்81 போர்டுகளிலும் அந்த வேலியைத் திறந்துவிட்டார்கள்.

வேலி திரும்பவும் வந்தது. பிராசசரின் உள்ளே சில நடத்தைகளைத் திருத்தும் மைக்ரோகோடு என்ற சிறு நிரல் உண்டு. பயாஸ் அதைக் கொண்டுவரும், இயங்குதளமும் கொண்டுவரலாம். புதிய மைக்ரோகோடு ஏறினால் இசட் அல்லாத போர்டுகளில் பெருக்கி மறுபடியும் பூட்டிக்கொள்ளும். விண்டோஸ் 10 தன்னோடு கொண்டுவந்த மைக்ரோகோடு, இப்படித் துடிப்பேற்றிய சில ஜி3258 கணினிகளைத் தொடங்கவே விடவில்லை. ஆகவே தயாரிப்பாளர் இன்டெல்லின் அனுமதியின்றித் திறந்துவிட்ட வசதியை நம்பி வாங்குகிறவர், எந்தப் பயாஸ் பதிப்பில் அது இருக்கிறது, எதில் பறிபோகிறது என்று அறிந்துதான் வாங்க வேண்டும். பயாஸ் என்றால் புதியதே மேல் என்ற பொது விதி இங்கே செல்லாது.

எச்81-க்கு வேறு குறைகளும் உண்டு: ராம் செருக இரண்டே இடம், கிராஃபிக்ஸ் அட்டைக்கு ஒரு தலைமுறை பழைய இணைப்பு. இந்த விலைப் பிராசசரோடு சேரும் கிராஃபிக்ஸ் அட்டைக்கு அது பெரிதாகத் தெரியாது என்பதால் கடந்து போகிறேன்.

சாக்கெட்டைச் சுற்றி நாலு விரல்

மின்பெட்டியிலிருந்து போர்டுக்கு வருவது 12 வோல்ட். பிராசசருக்கு வேண்டியது 1 அல்லது 2 வோல்ட், ஆனால் ஏராளமான ஆம்பியர். இந்த மாற்றத்தைச் செய்யும் பகுதி மின்னழுத்தச் சீராக்கி, கடைத்தெருவில் விஆர்எம்.

போர்டைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். சாக்கெட்டின் இடப்பக்கமும் மேலேயும் சாம்பல் நிறக் கட்டிகள் வரிசையாக இருக்கும். தலையில் ஆர்36, ஆர்50 என்று ஏதாவது அச்சிட்டிருக்கும். அவை சோக் எனப்படும் கம்பிச்சுருள்கள். ஒவ்வொன்றின் அருகிலும் சட்டைப் பொத்தானைவிடச் சிறிய, தட்டையான கறுப்புச் சில்லுகள் இரண்டோ மூன்றோ: மாஸ்ஃபெட்டுகள். இவை நொடிக்கு லட்சக்கணக்கான முறை 12 வோல்டைத் திறந்து மூடும் வாயில்கள். 1.8 வோல்ட் வேண்டுமென்றால் நேரத்தில் 15 சதவீதம் திறந்தும் 85 சதவீதம் மூடியும் இருக்கும். அப்படி வெட்டுவெட்டாக வருவதைச் சுருளும், பக்கத்தில் நிற்கும் உருளை மின்தேக்கிகளும் சேர்ந்து சமனாக்குகின்றன. ஒரு சுருளும் அதன் மாஸ்ஃபெட்டுகளும் சேர்ந்தது ஒரு ஃபேஸ். ஒரே கிணற்றில் மூன்று பேர் முறைபோட்டு இறைப்பதுபோல ஃபேஸ்கள் மாறிமாறி வேலை செய்கின்றன. ஆள் கூடினால் ஒருவர்மேல் விழும் பாரம் குறைகிறது, நீரும் விட்டுவிட்டு வராமல் சீராக வருகிறது.

இப்போது கணக்கு. ஜி3258 அச்சிட்ட வேகத்தில் 1.05 வோல்டில் 50 வாட் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். வரம்பே 53 என்பதால், மோசமான நிலையை எண்ணியே இந்த எண். 4.4 கிகாஹெர்ட்ஸுக்கு 1.25 வோல்ட் கொடுக்கிறோம். வேகத்தால் 1.37 மடங்கு, வோல்டேஜால் 1.42 மடங்கு, சேர்ந்து ஏறக்குறைய இரண்டு மடங்கு. 50 வாட் 97 வாட் ஆகிறது.

ஜி3258 சார்ந்த ஹாஸ்வெல் தலைமுறைக்கு ஒரு தனித்தன்மை உண்டு. கடைசிக்கட்ட மின்னழுத்த மாற்றத்தை இன்டெல் பிராசசருக்குள்ளேயே கொண்டுபோய்விட்டது. போர்டு கொடுக்க வேண்டியது சுமார் 1.8 வோல்ட், அதை 1.25 ஆக்குவது பிராசசரின் வேலை. 97 வாட்டை 1.8 வோல்டில் கொடுக்க 54 ஆம்பியர். மூன்று ஃபேஸ் உள்ள எச்81 போர்டில் ஃபேஸுக்கு 18 ஆம்பியர். அச்சிட்ட வேகத்தில் இது 9 ஆம்பியராக இருந்தது.

மாஸ்ஃபெட்டுக்கும் சிறிதளவு மின்தடை உண்டு. அதில் பிறக்கும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப வளரும். 9 ஆம்பியர் 18 ஆனால் அந்த வெப்பம் நாலு மடங்கு. பிராசசர் இரு மடங்கு சூடாகும்போது அதற்கு ஊட்டும் மாஸ்ஃபெட்டில் அந்தப் பகுதி வெப்பம் நாலு மடங்காகிறது. துடிப்பேற்றத்தில் போர்டு பிராசசருக்கு முன்பே மூச்சு வாங்குவது இதனால்தான். ஆறு ஃபேஸ் உள்ள போர்டில் இதே 54 ஆம்பியர் பிரிந்து ஃபேஸுக்கு 9 ஆகிவிடும். விலை உயர்ந்த போர்டில் நீங்கள் வாங்குவது இந்த நிம்மதியை.

ஆனால் 18 ஆம்பியர் பயப்பட வேண்டிய அளவா? மாஸ்ஃபெட்டின் தடையை ஓர் ஓமில் ஆயிரத்தில் 5 பங்கு என்று வைத்தால், ஃபேஸுக்கு ஒன்றரை வாட்டுக்குச் சற்று மேல் வெப்பம். வாயில்கள் திறந்து மூடுவதில் வீணாவதையும் சேர்த்தால் இன்னும் கொஞ்சம். தலையில் தகடு இல்லாத சில்லுகூட, காற்று பட்டுக்கொண்டிருந்தால், இதைச் சமாளிக்கும். போர்டின் 12 வோல்ட் செருகி எட்டு ஊசியா நாலு ஊசியா என்பதும் இங்கே பெரிய விஷயமில்லை. வீணாவதோடு சேர்த்து 110 வாட் என்றாலும் 12 வோல்டில் 9 ஆம்பியர்தான். நாலு ஊசிச் செருகியின் இரண்டு கம்பிகள் பகிர்ந்து தாங்கிவிடும். மூன்று ஃபேஸ் எச்81 போர்டு இந்தப் பிராசசருக்குப் போதும் என்று துணிந்து சொல்லலாம். ஃபேஸ் எண்ணிக்கை, தங்க நிறத் தகடு, ஒளிரும் விளிம்பு என்று அட்டைப்பெட்டி பேசும் எதுவும் இந்த முடிவை மாற்றாது.

காற்று எந்தப் பக்கம் வீசுகிறது?

காற்று பட்டுக்கொண்டிருந்தால் என்றேன். பலர் தவறவிடும் இடம் இது. பிராசசர் கூலரில் இரண்டு ரகம். படுத்திருக்கும் ரகத்தின் விசிறி காற்றைக் கீழ்நோக்கி அடிக்கும்; அது பிராசசரைத் தாண்டி நாலா பக்கமும் பரவி மாஸ்ஃபெட்டுகளையும் குளிர்விக்கும். கோபுரம்போல நிமிர்ந்து நிற்கும் ரகத்தில் காற்று போர்டுக்கு இணையாகப் போய்ப் பின்புறம் வெளியேறும். பிராசசருக்கு இரண்டாவதே மேல். போர்டுக்கு முதலாவதே மேல். நல்ல கோபுரக் கூலரை வாங்கி மலிவான போர்டில் மாட்டினால், பிராசசர் 60 டிகிரியில் குளுகுளுவென்று இருக்க, பக்கத்து மாஸ்ஃபெட் வெந்துகொண்டிருக்கும். கூலர் வாங்க ஒதுக்கிய பணத்தில், படுக்கை ரகத்தில் சற்றுப் பெரியதாக ஒன்றை எடுங்கள் என்பேன்.

நம்மூர் வெக்கையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஆய்வுக்கூடச் சோதனைகள் பெரும்பாலும் 22, 25 டிகிரி அறைகளில் நடப்பவை. சித்திரை, வைகாசியில் சென்னையிலோ வேலூரிலோ மாடி அறை மதியத்தில் 38 டிகிரி. அறை 15 டிகிரி கூடினால் போர்டின் ஒவ்வொரு சில்லும் ஏறத்தாழ 15 டிகிரி கூடும். அங்கே 85-இல் நின்ற மாஸ்ஃபெட் இங்கே 100-ஐத் தொடும்.

இந்த வெப்பம் முதலில் தின்பது மின்தேக்கியை. பழைய ரக உருளையின் உள்ளே இருப்பது திரவம். மேல்தகட்டில் எக்ஸ் அல்லது கே வடிவக் கீறல் இருந்தால் அந்த ரகம். 105 டிகிரியில் 2,000 மணி நேரம் என்று குறிக்கப்பட்டது, 10 டிகிரி குறையக் குறைய ஆயுள் இரட்டிக்கும் என்ற கணக்கில், 85 டிகிரியில் 8,000 மணி நேரம் வாழும். திட மின்தேக்கியின் மேல்தகடு கீறலின்றி வழவழப்பாக, ஓரத்தில் நிறப்பூச்சோடு இருக்கும். அதற்கு 20 டிகிரி குறைந்தால் ஆயுள் பத்து மடங்கு. அதே 85 டிகிரியில் 20,000 மணி நேரம். இரண்டாம் கைப் போர்டு வாங்குகிறவர்கள் சாக்கெட் அருகே கீறல் போட்ட உருளைகளைக் கண்டால், தலை உப்பியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும். உப்பியிருந்தால் அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடலாம்.

மிச்சம் பிடித்தது மிச்சமாகுமா?

அன்றைய அமெரிக்கச் சில்லறை விலையில் தோராயமாகக் கூட்டிப் பார்ப்போம். ஜி3258 72 டாலர், எச்81 போர்டு 50-ஐ ஒட்டி: ஆக 122. இதே பிராசசரை 100 டாலர் இசட்97 போர்டில் வைத்தால் 172. அந்தப் பணத்துக்கு, 120 டாலரை ஒட்டிய கோர் ஐ3 பிராசசரும் எச்81 போர்டுமே வந்துவிடும். ஐ3-யில் இரண்டு கோர் நாலு வேலையை ஒரே சமயத்தில் ஏந்தும். ஜி3258 இரண்டைத்தான் ஏந்தும். 2014 நவம்பரில் வந்த ஃபார் க்ரை 4, டிராகன் ஏஜ்: இன்க்விசிஷன் விளையாட்டுகள், வெளியான நாளில் இரண்டே ஏந்தும் பிராசசர்களில் ஓட மறுத்தன. 4.4 ஆனாலும் 4.7 ஆனாலும் அங்கே பலனில்லை. எனவே இந்தப் பிராசசருக்கு இசட்97 வாங்கியவர்களுக்கு, பின்னாளில் அதிலேயே ஐ5 வைக்கும் திட்டம் இருந்தாலொழிய, பணம் வீண்தான். மலிவான போர்டில் துடிப்பேற்ற முடிந்ததால்தான் அந்தப் பிராசசருக்கே பொருள் இருந்தது.

2017-இல் இன்டெல் கோர் ஐ3-7350கே-யைப் பூட்டில்லாமல் 168 டாலருக்கு விற்றபோது இந்தக் கணக்கு இன்னும் பளிச்சென்று தெரிந்தது. நாலு கோர் உள்ள ஐ5-7400 182 டாலர்; ஐ3-க்கு இசட் போர்டும் வேண்டும். அந்த ஐ3-யை வாங்கக் காரணம் தேடினாலும் கிடைக்காது.

அதே 2017-இல் இன்டெல்லின் போட்டி நிறுவனமான ஏஎம்டி தன் ரைசன் பிராசசர்கள் எல்லாவற்றையும் பூட்டின்றி விட்டு, நடுத்தரச் சிப்செட்டான பி350-லும், அடுத்து வந்த பி450-லும் துடிப்பேற்ற அனுமதி தந்தது. கீழ்த்தட்டு ஏ320-க்கு மட்டும் இல்லை. இங்கே ஓர் எச்சரிக்கை. ரைசனுக்கு 1.25 வோல்டைப் போர்டே நேராகக் கொடுக்க வேண்டும். அதே 97 வாட்டுக்கு இப்போது 54 அல்ல, 78 ஆம்பியர். மூன்று ஃபேஸில் ஆளுக்கு 26. மின்தடையில் பிறக்கும் வெப்பம் 18 ஆம்பியரில் இருந்ததைவிட இரு மடங்குக்கு மேல். ஹாஸ்வெல்லுக்குப் போதும் என்று துணிந்து சொன்ன மூன்று ஃபேஸை, தகடில்லாமல் இங்கே சொல்ல மாட்டேன். நாலு ஃபேஸ், மாஸ்ஃபெட் தலையில் திருகால் இறுக்கிய தகடு, இவை இருந்தால் எடுக்கலாம்.

எங்கே நிறுத்துவது?

போர்டு அமைந்தபின் மிச்சத்தை எடுப்பது பொறுமையான வேலை. வோல்டேஜை 1.2-இல் வைத்துப் பெருக்கியை ஒன்றொன்றாக ஏற்ற வேண்டும்: 38, 39, 40. ஒவ்வொரு படியிலும் பிரைம்95 போன்ற நிரலை ஓட்டிப் பார்க்க வேண்டும். மெர்சென் பகா எண்களைத் தேட எழுதப்பட்ட நிரல் அது. சோதனைக்கு அது கொடுக்கும் கணக்குகளின் சரியான விடை முன்பே தெரியும் என்பதால், பிராசசர் ஓர் இலக்கத்தில் பிசகினாலும் உடனே பிடித்துவிடும். கணினி உறையாமல் ஓடுவது மட்டும் சான்றல்ல. தவறான விடையைச் சத்தமில்லாமல் வட்டில் எழுதிவைக்கும் கணினி, உறைந்துபோகும் கணினியைவிட ஆபத்தானது.

வெயில் கால மதியத்தில் ஒரு மணி நேரம் ஓட்டி, பிராசசர் 80 டிகிரிக்குள் நின்று, விடை பிசகாமல் வந்தால் அந்தப் படி உங்களுடையது. 4.4-இலிருந்து 4.6-க்குப் போக 1.35 வோல்ட் கேட்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வேகம் நாலரை சதவீதம் கூடும். மின்சாரம் 22 சதவீதம் கூடும். மாஸ்ஃபெட்டின் மின்தடை வெப்பம் ஏறக்குறைய 50 சதவீதம் கூடும். மூன்று ஃபேஸ் போர்டு வைத்திருப்பவர் 4.4-லேயே நிறுத்திக்கொள்ளலாம்.